புராஸ்டேட் திசுவில் பிஏஎம் மரபணு: க்யூபிசிஆரா, ஐஹெச்சியா, இன் சிட்டுவா?

“மேடம், க்யூபிசிஆர் மட்டும் செய்தால் போதுமா, ஐஹெச்சியும் சேர்க்கணுமா?” சேலத்தில் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட் தொடங்குகிற சமயத்தில் என்னிடம் கேட்கிற கேள்வி இது. க்யூபிசிஆர் என்பது திசுவை அரைத்து ஆர்என்ஏவை அளப்பது, ஐஹெச்சி என்பது திசுச் சீவலில் புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பது, இன் சிட்டு என்பது சீவலிலேயே ஆர்என்ஏவைப் பார்ப்பது. இந்த வருடம் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறவள், இன்னொருவன் ஓமலூர்ப் பக்கம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தலைப்பு: ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் பிஏஎம் (பெப்டிடைல்க்ளைசின் ஆல்ஃபா-அமிடேட்டிங் மோனோஆக்ஸிஜினேஸ்) நொதியின் மரபணு வெளிப்பாடு, அதாவது அந்த மரபணு ஆர்என்ஏ செய்தியாகப் படியெடுக்கப்படுவது. இருவரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று. போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பிஏஎம் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், முறையைத் தேர்ந்தெடுக்க அது தேவை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், கோத்து முடித்த கொலுசின் நுனியில் கொஞ்சம் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதை நறுக்கி முனையை மடக்கினால்தான் அது காலில் போடுகிற பொருளாகும். பல பெப்டைடு ஹார்மோன்களுக்கும் அப்படி ஒரு கடைசி வேலை இருக்கிறது. நுனியில் க்ளைசின் என்ற அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கும், பிஏஎம் அதை வெட்டி, அதன் நைட்ரஜனை மட்டும் முனையில் விட்டுவைக்கும். ஆக்ஸிடோசின், வாசோப்ரசின், கால்சிடோனின், அட்ரினோமெடுலின் எல்லாம் இந்த வேலை முடிந்த பிறகே முழுமையாகச் செயல்படுகின்றன. 1982-ல் பன்றியின் பிட்யூட்டரி சுரப்பியில் இந்த வேலையை முதலில் கண்டுபிடித்தார்கள். இந்த மரபணுவை முற்றிலும் நீக்கிய எலிக் குஞ்சுகள் பிறக்கவே இல்லை, கருவிலேயே இறந்துவிட்டன. அந்த அளவுக்கு அவசியமான நொதி இது.

சரி, புராஸ்டேட்டில் இதற்கு என்ன வேலை? சுரப்பியின் உள் அடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நியூரோஎண்டோகிரைன் செல்கள் இருக்கின்றன, மொத்தத்தில் 1 சதவீதம்கூடத் தேறாது. பெப்டைடுகளைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகிறவை அவைதான். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சையை நீண்ட காலம் கொடுத்தபின் சில கட்டிகள் இந்தச் செல்களின் சாயலுக்கு மாறிவிடுகின்றன, மருந்துக்கும் அடங்காமல் போகின்றன. நுனி நறுக்கும் நொதியை இந்தச் சுரப்பியில் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

எதை வைத்து முடிவெடுப்பது

விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் கேள்வி என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள். மரபணு *எவ்வளவு* வெளிப்படுகிறது என்பதா? *எந்தச் செல்லில்* வெளிப்படுகிறது என்பதா? வெளிப்பட்ட நொதி *வேலை செய்கிறதா* என்பதா? மூன்றும் ஒன்று போலத் தெரியும், ஆனால் மூன்றுக்கும் தனித்தனி முறைகள்.

இரண்டாவது, கையில் இருக்கும் திசு எது? புதிதாக எடுத்ததா, ஃபார்மலினில் போட்டு மெழுகில் புதைத்த ப்ளாக்கா, ஆய்வகத்தில் வளர்த்த செல்லா? பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும். மூன்றாவது, செலவும் நேரமும். இதில் கொட்டேஷனில் வராத செலவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குக் காத்திருக்கும் வாரங்கள், மின்வெட்டு, மே மாத வெயில், பெங்களூருக்கோ கோவைக்கோ சாம்பிள் அனுப்பும்போது பெட்டியில் வைக்க வேண்டிய ட்ரை ஐஸ்.

நான்காவது ஒன்று உண்டு, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புராஸ்டேட் ஒரே வகைச் செல்லால் ஆனதில்லை. சுரப்பிச் செல், தசைச் செல், நார்த்திசு, ரத்தக்குழாய், நோய் எதிர்ப்புச் செல் எல்லாம் கலந்து கிடக்கிற உறுப்பு அது. உங்கள் முறை இந்தக் கலவையைப் பிரித்துப் பார்க்குமா, அரைத்துப் பார்க்குமா?

பொதுத் தரவுத்தளங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். ஜிடெக்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெற்ற இயல்பான திசுக்களின் ஆர்என்ஏ அளவுகள் இருக்கின்றன, புராஸ்டேட்டும் உண்டு. டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் தரவுத்தளத்தில் ஏறக்குறைய 500 புராஸ்டேட் கட்டிகளின் தரவு இருக்கிறது. மனிதப் புரத அட்லஸில் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) ஏற்றிய புராஸ்டேட் படங்களையே பார்க்கலாம். எதற்கும் காசு இல்லை. ஒரு லேப்டாப் போதும், ஏற்காட்டில் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம், எந்தச் சாம்பிளும் கெட்டுப்போகாது.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம்தான். ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழி தெரியாதவர்களுக்குப் பழகவே ஒன்றிரண்டு மாதம் ஆகும். இன்னொன்று, இந்தத் தரவுகளில் பெரும்பகுதி திசுவை மொத்தமாக அரைத்து எடுத்தது, கலவைப் பிரச்சினை அப்படியே உள்ளே இருக்கிறது. ஒற்றைச் செல் தரவுகளும் இப்போது கிடைக்கின்றன, ஆனால் நியூரோஎண்டோகிரைன் செல்கள் அவ்வளவு அரிது என்பதால் அவற்றிலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மாட்டும். திசுவே கிடைக்காதவர்களுக்கும், நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டியவர்களுக்கும் இதுவே முழு ப்ராஜெக்டாகப் போதும். மற்றவர்களுக்கு இது முதல் படி.

க்யூபிசிஆர்

கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர், சிடி மதிப்பு என்ற சொற்களெல்லாம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டன, அதே வேலைதான் இங்கேயும். திசுவிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாகத் திருப்பி எழுதி, சுற்றுக்கு இரண்டு மடங்காகப் பெருக்கி, எந்தச் சுற்றில் ஒளி தெரிகிறது என்று பார்ப்பது, அந்தச் சுற்றின் எண்தான் சிடி. சிடி ஒன்று குறைந்தால் ஆரம்ப அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அர்த்தம். *எவ்வளவு* என்ற கேள்விக்கு இதைவிட மலிவான, துல்லியமான பதில் இல்லை. ஒரு தட்டில் 96 குழிகள், இரண்டு மணி நேரத்தில் முடிவு.

பிஏஎம்முக்கு இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. இந்த மரபணுவின் செய்தி பல விதமாக வெட்டி ஒட்டப்படுகிறது. இந்த நொதி இரண்டு பாதிகளால் ஆனது, அவற்றுக்கு நடுவில் மனிதனில் எக்ஸான் 16 என்ற துண்டு, 300 மரபணு எழுத்துக்குச் சற்று மேல். அது இருந்தால் இரண்டு பாதிகளும் பின்னால் தனித்தனியாக வெட்டப்படும், இல்லாவிட்டால் ஒட்டியே இருக்கும். ப்ரைமரை (பெருக்க வேண்டிய இடத்தின் இரு முனையையும் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) முதல் பாதிக்குள் வைத்தால் எல்லா வடிவங்களின் மொத்த அளவு கிடைக்கும், எக்ஸான் 16-ஐ ஒட்டி வைத்தால் எந்த வடிவம் என்று தெரியும். இரண்டு ஜோடி ப்ரைமர் வாங்க ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு, கிடைக்கும் தகவலோ அதிகம்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 செல், ஒவ்வொன்றிலும் பிஏஎம் செய்தி 10 பிரதி, மொத்தம் 1000. அதில் ஒன்று நியூரோஎண்டோகிரைன் செல், அதில் மட்டும் வெளிப்பாடு ஐந்து மடங்காகி 50 பிரதியாகிறது. மொத்தம் 1040. வெறும் 4 சதவீதம் கூடுதல். சிடி கணக்கில் அது 0.06 சுற்றுகூட இல்லை, ஒரே சாம்பிளைப் பக்கத்துப் பக்கத்துக் குழியில் போட்டாலே அதைவிட அதிக வித்தியாசம் வரும். அந்தச் செல்லுக்குள் ஐந்து மடங்கு மாற்றம் நடந்திருக்கிறது, உங்கள் ரிப்போர்ட்டில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதுவீர்கள்.

தலைகீழாகவும் நடக்கும். ஒரு நோயாளியின் துண்டில் நார்த்திசு 70 சதவீதம், இன்னொருவர் துண்டில் 40 சதவீதம், நார்த்திசுவில் இந்த மரபணு இரண்டு மடங்கு வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தச் செல்லிலும் எதுவும் மாறாமலே முதல் துண்டில் 20 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்று கணக்கு வரும். புராஸ்டேட் வீக்கத்தில் பெரும்பாலும் நார்த்திசுதான் பெருகுகிறது, அதனால் ‘வீக்கத்தில் அதிகம், இயல்பில் குறைவு’ என்று யாராவது க்யூபிசிஆர் எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால் நான் உடனே ஸ்லைடைக் காட்டச் சொல்வேன்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே நிறைய. மருத்துவமனையில் நமக்கு எளிதாகக் கிடைப்பது டியூஆர்பி சீவல்கள், சிறுநீர்ப் பாதை வழியாகச் சூடான கம்பி வளையத்தால் சீவி எடுத்தவை. ஓரமெல்லாம் வெந்திருக்கும், ஆர்என்ஏ கெட்டிருக்கும். அதோடு அவை சுரப்பியின் இடைநிலை மண்டலத்திலிருந்து, சிறுநீர்க் குழாயைச் சுற்றிய பகுதியிலிருந்து வருபவை, புற்றுநோயோ பெரும்பாலும் வெளி மண்டலத்தில் தோன்றுவது. சீவலில் பார்த்ததைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேச முடியாது.

அப்புறம் வெயில். ஒரு மே மாதத்தில் சாம்பிளை ஐஸ் டப்பாவில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுவந்தேன், ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போதே டப்பாவுக்குள் தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டது. ஆய்வகத்தில் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது 28எஸ், 18எஸ் என்று ரைபோசோம் ஆர்என்ஏவின் இரண்டு தெளிவான கோடு தெரிய வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை பூசி மெழுகியதுபோல ஒரே புகை. நான்கு நோயாளிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த திசு அது, திரும்பக் கிடைக்காது. அன்றிலிருந்து ஐஸை நம்புவதில்லை. ஆர்என்ஏலேட்டர் திரவத்தில் அரை சென்டிமீட்டருக்கும் மெல்லிய துண்டாகப் போட்டால் அறை வெப்பத்தில் ஒரு வாரம், 37 டிகிரியில் ஒரு நாள் வரை தாங்கும். விலை அதிகம்தான், ஆனாலும் முதலில் அதை வாங்குங்கள். திசுவை அரைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டுமென்றால் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள், நம் மாவட்டத்தில் அதுதான் சுலபமான வழி.

ஒப்பீட்டு மரபணு, அதாவது எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவில் இருக்கும் என்று அளவுகோலாக வைக்கும் மரபணு விஷயத்தில் ஜிஏபிடிஎச் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும், புற்றுநோயிலும் அதுவே மாறும். எச்பிஆர்டி1 போல இன்னும் ஒன்றிரண்டைச் சேர்த்து, உங்கள் சாம்பிளில் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

க்யூபிசிஆர் மிகப் பொருத்தமான இடம் செல் வளர்ப்பு. எல்என்கேப், பிசி-3, டியூ145 ஆகிய மூன்று புராஸ்டேட் புற்றுநோய்ச் செல் வகைகளையும் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பிலிருந்து வாங்கலாம். ஒரே வகைச் செல், கலவைப் பிரச்சினை இல்லை. எல்என்கேப் ஆண் ஹார்மோனுக்குப் பதில் சொல்லும், மற்ற இரண்டும் சொல்லாது. ஹார்மோனைக் கொடுத்தும் எடுத்தும் பிஏஎம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது நேர்த்தியான ஆறு மாதப் ப்ராஜெக்ட்.

ஐஹெச்சி

மெழுகு ப்ளாக்கிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, ஆன்டிபாடி ஏற்றி, பழுப்பு நிறத்தில் புரதத்தைப் பார்ப்பது. மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறையில் ப்ளாக்குகள் வருடக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நோயறிதலும் கூடவே எழுதியிருக்கும். வெயில், ஐஸ், நைட்ரஜன் எந்தக் கவலையும் இல்லை. *எந்தச் செல்லில்* என்ற கேள்விக்கு நேரடியாகக் கண்ணால் பார்க்கிற பதில். பக்கத்துச் சீவலில் குரோமோகிரானின் ஏ ஆன்டிபாடி ஏற்றினால் நியூரோஎண்டோகிரைன் செல்கள் எவை என்று தெரியும், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இது மரபணு வெளிப்பாட்டை நேராகக் காட்டுவதில்லை, புரதத்தைக் காட்டுகிறது. பிஏஎம் சுரப்புத் துகள்களுக்குள் பயணிக்கிற நொதி, சில வடிவங்கள் செல்லை விட்டு வெளியேயும் போய்விடும். சுரப்பிக் குழலுக்குள் தேங்கிய திரவம் பழுப்பாகத் தெரிந்தால் நொதி அங்கே இருக்கிறது என்றுதான் சொல்லலாம், அது எந்தச் செல்லில் உருவானது என்று சொல்ல முடியாது.

செலவில் பெரியது ஆன்டிபாடி. நல்ல கம்பெனிக் குப்பி 30,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம், வரவும் வாரக்கணக்காகும். வந்தபின் அது பிஏஎம்மைத்தான் பிடிக்கிறதா என்று நீங்கள்தான் சோதிக்க வேண்டும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெட்டப்படாத முழு வடிவமும், வெட்டப்பட்ட துண்டுகளும் தனித்தனிக் கோடாக வரும், ஆன்டிபாடி எந்தப் பாதியைப் பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். புராஸ்டேட்டுக்கே உரிய ஒரு பொறி, வயதானவர்களின் சுரப்பிச் செல்களில் லிப்போஃபசின் என்ற இயற்கையான பழுப்பு நிறமி. ஆன்டிபாடி போடாத ஒரு ஸ்லைடையும் கூடவே வைத்துப் பார்க்காவிட்டால் அதையே சிக்னல் என்று எண்ணிக்கொள்வீர்கள். குழல்களுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் கட்டிகளும் சாயத்தை இழுத்துக்கொள்ளும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்

எனக்கு மிகவும் பிடித்த முறை இது, ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். பிஏஎம் செய்தியோடு ஒட்டிக்கொள்ளும் ஆர்என்ஏ ப்ரோபை டைகாக்ஸிஜெனின் அடையாளத்தோடு தயாரித்து, திசுச் சீவலின் மேலேயே ஒட்டவிட்டு, நிறம் வரவைப்பது. மரபணு வெளிப்பாடு, அதுவும் செல்லின் இடத்திலேயே. மேலே போட்ட 100 செல் கணக்கில் தொலைந்துபோன அந்த ஒற்றைச் செல் இங்கே தொலையாது. வெளிறிய சுரப்பி வளையத்தில் நீலமும் ஊதாவும் கலந்த கறுப்புப் புள்ளியாக ஒரே ஒரு செல் தனித்துத் தெரிந்தால், ஐந்து நாள் கண் விழித்ததெல்லாம் மறந்துபோகும்.

அந்த ஐந்து நாளில் எந்தப் படியிலும் வழுக்கலாம். புரதத்தைக் கரைக்கும் புரோட்டீனேஸ் கே இரண்டு நிமிடம் கூடினால் திசு கரையும், குறைந்தால் ப்ரோப் உள்ளே போகாது. கையுறை இல்லாமல் தொட்ட ஒரு பாட்டில் முழு ரன்னையும் கெடுக்கும். எதிர்த்திசையில் எழுதிய சென்ஸ் ப்ரோபைப் பக்கத்து ஸ்லைடில் போட்டு, அங்கே நிறம் வரவில்லை என்று காட்டாமல் யாரும் ஏற்க மாட்டார்கள். இரட்டை ப்ரோப் வைத்த ஆர்என்ஏஸ்கோப் வகைக் கிட்கள் 2012 முதல் வந்திருக்கின்றன, பழைய ப்ளாக்கிலும் நன்றாக வேலை செய்யும், வழுக்கலும் குறைவு. ஆனால் அதன் விலையைத் தனி மாணவர் ஒருவர் தாங்க முடியாது. துறைக்கு நிதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பிஎச்டிக்காரர்களுக்கும், முன்பே இதைச் செய்த ஒருவர் பக்கத்து மேசையில் இருக்கிறவர்களுக்கும் இது சரி. எம்எஸ்சி ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தனியாகத் தொடங்கினால், ஸ்லைடு நிறம் மாறுவதற்குள் வைவா வந்துவிடும்.

நொதியின் வேலையை அளப்பது

மூன்றாவது கேள்வி உங்களுடையதாக இருந்தால் ஆர்என்ஏவை எத்தனை விதமாக அளந்தாலும் பதில் வராது. பிஏஎம்மின் முதல் பாதிக்குத் தாமிரமும் வைட்டமின் சியும் ஆக்சிஜனும் வேண்டும். தாமிரம் போதவில்லை என்றால் மரபணு நன்றாக வெளிப்பட்டும் நொதி சும்மா இருக்கும். க்ளைசினில் முடிகிற ஒரு சிறு பெப்டைடைக் கொடுத்து எவ்வளவு நுனி நறுக்கப்பட்டது என்று அளப்பதுதான் வழி. கதிரியக்க அயோடின் முறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், அதை விட்டுவிடுங்கள். டான்சில் என்ற ஒளிரும் அடையாளம் ஒட்டிய பெப்டைடை எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவியில்) ஓட்டும் முறை நம் ஆய்வகங்களில் முடியும். செல் வளர்ப்பில் செய்தால் ஒரு எச்சரிக்கை: ஊடகத்தில் ஊற்றுகிற கன்றுச் சீரத்திலேயே இந்த நொதி இருக்கும், சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிவிட்டு அளக்காவிட்டால் மாட்டின் நொதியைத்தான் அளந்திருப்பீர்கள்.

அந்த இரண்டு பேருக்கும் சொன்னது

ஓமலூர்ப் பையனின் கேள்வி, ஆண் ஹார்மோன் இந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறதா என்பது. அவனுக்கு டிசிஜிஏவில் ஒரு மாதம், பிறகு எல்என்கேப், பிசி-3 செல்களில் இரண்டு ஜோடி ப்ரைமரோடு க்யூபிசிஆர். திசுவே வேண்டாம், எத்திக்ஸ் கமிட்டிக்கு நோயாளி ஒப்புதல் படிவத்தோடு அலைய வேண்டியதும் இல்லை.

ஏற்காட்டுப் பெண்ணின் கேள்வி, வீக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இடையே எந்தச் செல்லில் வித்தியாசம் என்பது. அவளுக்கு ஐஹெச்சி, ப்ளாக்குகள், பக்கத்துச் சீவலில் குரோமோகிரானின். க்யூபிசிஆரை அவள் சேர்க்க நினைத்தாள், கைடும் ‘எண் இருந்தால்தான் ஆய்வு போலத் தெரியும்’ என்று சொல்லியிருக்கிறார். சேர்க்கட்டும், ஆனால் எந்த ப்ளாக்கில் படம் எடுத்தாளோ அதே ப்ளாக்கின் அடுத்த சீவல்களிலிருந்து ஆர்என்ஏ எடுக்க வேண்டும், ப்ரைமரும் 100 எழுத்துக்குள் அடங்கும் துண்டைப் பெருக்குவதாக இருக்க வேண்டும், ஃபார்மலினில் கிடந்த ஆர்என்ஏ சிறு சிறு துண்டாக உடைந்திருக்கும். ஒவ்வொரு ப்ளாக்கிலும் நார்த்திசு எத்தனை சதவீதம் என்று ஸ்லைடைப் பார்த்து எழுதி, சிடி மதிப்புக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே அதையும் போடச் சொன்னேன்.

புதிய திசு எடுக்கப் போகிறவர்கள் அறுவை அரங்க வாசலுக்கு இரண்டு குப்பியோடு போங்கள். துண்டை நடுவில் வெட்டி, ஒரு பாதியை ஆர்என்ஏலேட்டரில், மறுபாதியை அதைவிடப் பத்து மடங்கு ஃபார்மலினில் அங்கேயே போட்டு, இரண்டு குப்பியிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் அழிந்துவிடும்.